எருக்கந்தூணும் மணற்படியும்

அம்பத்தூரைத் தாண்டி ஆவடிக்குப் போகும் வழியில் இருக்கிறது திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயில். கருவறைக்கு முன்னால் வெள்ளெருக்கால் ஆன இரண்டு தூண்கள் நிற்கின்றன. வேலியோரப் புதராகவே நாம் அறிந்த எருக்கு தூணாகும் அளவுக்குப் பருத்திருந்தது என்பதால் வருகிறவர்கள் வியந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்தத் தூண்கள் வந்த வழியைத் தலபுராணம் சொல்கிறது. புழலில் கோட்டை கட்டி ஆண்ட குறும்பர் தலைவர்களான ஓணனையும் வாணனையும் அடக்கப் படையெடுத்து வந்தான் தொண்டைமான். முதலில் தோற்றான். பின்வாங்கும் வழியில் அவன் யானையின் கால் முல்லைக் கொடியில் சிக்கியது. கொடியை வாளால் வெட்டியபோது அடியில் இருந்த லிங்கத்தில் வெட்டுப்பட்டு ரத்தம் கசிந்தது. மன்னன் கதற, இறைவன் இரங்கி நந்தியைத் துணைக்கு அனுப்பினார். அதனால்தான் இங்கே நந்தி மூலவரைப் பார்க்காமல் எதிர்ப்புறம் திரும்பி, போருக்குப் புறப்பட்ட நிலையில் இருக்கிறது. குறும்பர் வீழ்ந்தார்கள். அவர்களுடைய கோட்டையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவைதான் இந்த எருக்கந்தூண்கள்.

இந்தக் கதையைப் பல நூற்றாண்டுகளாக ஒரே திசையிலிருந்துதான் கேட்டு வருகிறோம். வென்றவனுடைய யானை, வென்றவனுடைய கண்ணீர், வென்றவனுக்குக் கிடைத்த அருள். தோற்ற குறும்பர் தம் பேரப்பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்பதற்கு அந்தக் கோயிலில் ஒரு கல்லும் சாட்சி சொல்லாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலின் மெக்கன்சியின் உதவியாளர்கள் ஊர் ஊராகப் போய்த் திரட்டிய சுவடிகளில் புழல் குறும்பர் பற்றிய செய்திகள் உண்டு. அவையும் பெரும்பாலும் பிறர் வாய்வழி வந்தவை. ஒரு சமூகத்தின் கதை அழியாமல் இருந்தால் போதாது, அதைச் சொல்லும் கருவி யார் கையில் இருக்கிறது என்பதும் கதையின் பகுதிதான் என்பதற்கு இந்தத் தூண்களே தடயம். இதை உலகத்தில் மிகத் தெளிவாகக் காட்டிய வரலாறு ஒன்று உண்டு. அது கனடாவின் வடகோடியில், பனிநிலத்து இனுயிட் மக்களின் கதைகள் அனிமேஷன் குறும்படங்களான வரலாறு. அம்பத்தூரிலிருந்து அது வெகு தூரம். ஆனால் சென்னையின் மேற்குப் புறநகர்களுக்கு அந்த வரலாற்றில் நேரடியாகப் பயன்படும் செய்தி இருக்கிறது.

இனுயிட் கதைகளை முதலில் எழுதி வைத்தவர்கள் வெளியாட்கள். மானுடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1883-84இல் பாஃபின் தீவில் தங்கிக் குறிப்பெடுத்தார். கிரீன்லாந்தில் பிறந்து இனுயிட் மொழி பேசி வளர்ந்த நுட் ராஸ்முஸன் 1921 முதல் 1924 வரை நாய் வண்டியில் ஆர்க்டிக் முழுவதும் போய்க் கதைகளைத் திரட்டினார். இவர்கள் அக்கறையோடு கேட்டவர்கள். ஆனால் அதே காலத்து அரசு அந்த மக்களை வேறு விதமாக நடத்தியது. இனுயிட் பெயர்களை எழுதுவது சிரமம் என்று சொல்லி, 1940களில் கனடா அரசு ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த வட்டத்தகடு கொடுத்தது. அரசுக் காகிதங்களில் மனிதர்கள் எண்களாக இருந்தார்கள். அந்த முறை 1970களின் தொடக்கம் வரை முழுதாக ஒழியவில்லை. பிள்ளைகள் உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே தாய்மொழி பேசினால் தண்டனை. இப்படி வெளியாள் செய்த பதிவுக்கு நம் ஊரில் நேர் எட்கர் தர்ஸ்டன். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த அவர் 1909இல் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். இருளர் உள்பட எத்தனையோ மக்களின் உயரத்தையும் மூக்கின் அகலத்தையும் அளந்து பதிவு செய்தார். அந்தத் தொகுதிகளை இன்றும் புரட்ட வேண்டியிருக்கிறது, வேறு பதிவுகள் அவ்வளவு குறைவு. ஆனால் அவற்றில் அளக்கப்பட்டவர்கள் பேசுவதில்லை.

பனிநிலத்தில் இந்த நிலை மாறத் தொடங்கியது ஓவியத்தின் வழியாக. 1950களின் இறுதியில் கேப் டோர்செட் என்ற சிற்றூரில், கல்லில் செதுக்கி அச்சிடும் பட்டறை கூட்டுறவு முறையில் உருவானது. அங்கே வரைந்த கெனோஜுவாக் அஷேவாக்கின் மந்திர ஆந்தை ஓவியம் 1970இல் கனடாவின் தபால்தலையில் ஏறியது. கதையும் உருவமும் அந்த ஊரில் ஏற்கெனவே கைகோத்திருந்ததால்தான் அடுத்த அடி எளிதாயிற்று. கனடாவின் அரசுத் திரைப்பட நிறுவனமான தேசியத் திரைப்பட வாரியம் 1970களில் இனுயிட் கதைகளை அனிமேஷனாக எடுக்கத் தொடங்கியது. நெதர்லாந்தில் பிறந்த கோ ஹூட்மன் ஆந்தையும் காகமும் ஒன்றுக்கொன்று வண்ணம் பூசிக்கொள்ளும் கதையைக் கடல்நாய்த் தோலால் செய்த பொம்மைகளைக் கொண்டு 1973இல் படமாக்கினார். காகம் ஏன் கறுப்பு என்பதற்கு அவர்கள் சொல்லும் விடை அது: விளக்கில் இருந்த எண்ணெய் மேலே கொட்டிவிட்டது. கரோலின் லீஃப் 1974இல் வாத்தை மணந்த ஆந்தையின் கதையை எடுத்தார். வாத்துக் கூட்டம் கடல் கடந்து வலசை போகிறது. கூடவே போக நினைத்த ஆந்தை நீரில் இறங்கி முழுகிப் போகிறது. அடியில் விளக்கெரியும் கண்ணாடிப் பலகை மீது மணலைப் பரப்பி, விரலால் விலக்கி விலக்கி உருவம் செய்து, ஒரு படம் பிடித்ததும் அதையே கலைத்து அடுத்ததைச் செய்து எடுத்த படம் அது. படம் முடியும்போது கையில் ஒரு ஓவியமும் மிஞ்சாது. பறவைகளின் குரல்களை இனுயிட் மக்களே எழுப்பினார்கள். இதே காலத்தில் வாரியம் கேப் டோர்செட்டிலேயே ஒரு அனிமேஷன் பட்டறையையும் அமைத்தது. சாலமனி பூட்டூகூக் போன்ற உள்ளூர் இளைஞர்கள் கேமராவுக்குக் கீழே தாள்களை நகர்த்திச் செய்த முதல் முயற்சிகள் 1973இல் ஒரே தொகுப்பாக வெளிவந்தன. அவற்றில் தொழில்நேர்த்தி குறைவு. வரலாற்றில் அவற்றின் இடம் பெரியது.

என் வாதத்துக்கு மிகத் தெளிவான சான்று ஒரே கதையின் இரண்டு படங்கள். பார்வையற்ற மகனைத் தாய் கொடுமைப்படுத்துகிறாள். ஒரு நீர்ப்பறவை அவனை ஏரிக்குள் முக்கி எடுத்துப் பார்வையைத் தருகிறது. பார்வை வந்தவன் திமிங்கல வேட்டையில் தாயைக் கயிற்றோடு கடலுக்குள் போகவிடுகிறான். அவள் கொம்புத் திமிங்கலமாக மாறுகிறாள். இதைக் கோ ஹூட்மன் 1975இல் ‘லூமாக்’ என்ற பெயரில் எடுத்தார். போவுங்நிடுக் ஊர் இனுயிட் கலைஞரின் ஓவியங்களைத்தான் அசைய வைத்தார். மரியாதையோடு செய்த வேலை. ஆனாலும் படத்தின் தலைப்பில் ‘எஸ்கிமோப் புராணக்கதை’ என்று வெளியாட்கள் வைத்த பெயர்தான் இருந்தது. கதை ஒரு விலங்கின் பிறப்பைச் சொல்லும் பழங்கதையாக, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருளைப் போல நின்றது. முப்பத்தைந்து ஆண்டு கழித்து 2010இல் இனுயிட் பெண்ணான அலீத்தியா அர்னாகுக்-பாரில் அதையே ‘லூமாஜூக்’ என்று எடுத்தார். வடக்கின் கலைஞர்களுக்காகத் திரைப்பட வாரியம் நடத்திய நூனவுட் அனிமேஷன் பயிற்சியின் விளைவாக வந்த நான்கு படங்களில் அதுவும் ஒன்று. அவர் கையில் கதையின் எடை மாறியது. பழிவாங்கல்தான் மையம்: பழி தீர்த்தவன் விடுதலை அடைவதில்லை. திமிங்கலம் எப்படிப் பிறந்தது என்று வெளியாள் கேட்டார். இவ்வளவு வலியை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது என்று உள்ளாள் கேட்டார். உறைவிடப் பள்ளிகளின் காயத்தைச் சுமக்கும் ஒரு தலைமுறைக்கு இரண்டாவது கேள்விதான் வேண்டியிருந்தது என்றே நான் இந்த மாற்றத்தைப் படிக்கிறேன்.

அப்படியானால் வெளியாட்கள் எடுத்தவை மட்டமா என்று ஒருவர் கேட்கலாம். கரோலின் லீஃபின் மணற்படத்தைப் பார்த்த எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அனிமேஷன் கலையின் உச்சங்களில் அது ஒன்று. திறமையோ அன்போ பிறப்பைப் பார்த்து வருவதில்லை. வெளியாட்கள் போட்ட பாதையில்தான் பின்னால் வந்தவர்கள் நடந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் பாதை போடுவதோடு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க வேண்டும். இனுயிட் ஊரான இக்லூலிக்கின் மக்கள் 1970களில் தொலைக்காட்சியே வேண்டாம் என்று வாக்களித்துத் தடுத்தார்கள், அதில் தம் மொழி இல்லை என்பதற்காக. அந்த ஊர்க்காரரான சக்கரியாஸ் குனுக், தான் செதுக்கிய கற்சிற்பங்களை விற்ற பணத்தில் 1981இல் வீடியோ கேமரா வாங்கினார். நாற்பது ஆண்டு கழித்து 2021இல் அவர் எடுத்த பொம்மை அனிமேஷன் படத்தில், ஒரு பெண் தன் பாட்டியிடம் மருத்துவப் பூசாரியாகப் பயிற்சி பெறுகிறாள். நோயின் காரணம் கேட்கப் பூமிக்கு அடியில் இருப்பவளிடம் இறங்கிப் போகிறாள். அன்னேசி அனிமேஷன் விழாவில் அதற்கு விமர்சகர் விருது கிடைத்தது. கதை சொந்தக்காரரிடம் திரும்பி வர இவ்வளவு காலமும், வேண்டாம் என்று சொல்லும் துணிவும், அரசுப் பணமும் தேவைப்பட்டன.

இனி நம் பக்கம். அம்பத்தூரின் தொழில் வரலாறு அடுத்தவருக்குப் பொருள் செய்து கொடுக்கும் திறமையின் வரலாறு. 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது, பிறகு டன்லப் டயர் ஆலை, 1960களில் தொழிற்பேட்டை. ‘எஸ்டேட்’ என்றாலே இங்கே அந்தத் தொழிற்பேட்டைதான். லேத் பட்டறைகள் பெரிய ஆலைகளின் வரைபடத்தைப் பார்த்து மில்லிமீட்டர் பிசகாமல் உதிரிபாகம் கடைந்து கொடுத்தன. அதற்குப் பெயர் ஜாப் ஒர்க். இரண்டாயிரத்துக்குப் பிறகு அதே எஸ்டேட்டில் கண்ணாடி முகப்புக் கட்டடங்கள் எழுந்தன, கடைசலுக்குப் பதில் கணினி. சென்னையின் அனிமேஷன் தொழிலும் பெருமளவு இந்த அச்சில்தான் வளர்ந்தது. தொடக்கம் அப்படி இல்லை. ஜெமினி ஸ்டுடியோவில் கார்ட்டூனிஸ்ட் தாணு 1947இல் செய்த ‘சினிமா கதம்பம்’ இந்த மண்ணின் சொந்த விளையாட்டு. ஆனால் நூற்றாண்டின் முடிவில் பென்டாமீடியா போன்ற நிறுவனங்கள் தலையெடுத்தபோது கண் வெளிநாட்டுச் சந்தையில் இருந்தது. மனித அசைவைக் கணினியில் பிடித்து எடுத்த முழுநீளப் படங்களில் முன்னோடியான ‘சிந்துபாத்’ 2000இல் பென்டாமீடியாவிலிருந்து வந்தது. கதை அரபு நாட்டுடையது. அதே ஆண்டு வந்த ‘பாண்டவாஸ்’ தேசிய விருது பெற்றது, ஆங்கிலப் படத்துக்கான பிரிவில். பாரதம் நம் கதைதானே என்று கேட்டால், ஆம், தொண்டை மண்டலத்தின் திரௌபதியம்மன் கோயில்களில் தெருக்கூத்தாக விடிய விடிய ஆடப்படும் கதை அது. ஆனால் கூத்தின் பாரதத்தில் அரவான் களப்பலியும், வன்னியர்கள் முதல் ஊரார் வரை அனைவருடைய நேர்ச்சையும் கலந்திருக்கின்றன. ஏற்றுமதிக்குச் செய்த பாரதத்தில் அவை கழன்றுபோய் எந்த நாட்டுக்கும் பொருந்தும் உதிரிபாகமாகிவிட்டது. ஜாப் ஒர்க்கில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அதில் எரிகிறது. இவ்வளவு திறமையான கைகள் அருகிலேயே இருந்தும் அந்த மண்ணின் ஆதிக்கதை அசையாமல் கிடப்பது ஏன் என்பதற்கு அது விடை, அவ்வளவுதான்.

அந்த ஆதிக்கதையைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டாம். 2018இல் சென்னை மாவட்டத்தில் சேர்க்கப்படும் வரை அம்பத்தூர் இருந்தது திருவள்ளூர் மாவட்டத்தில். அந்த மாவட்டத்திலும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கங்களிலும் ஏரிக்கரை ஓரங்களில் வாழ்கிறார்கள் இருளர்கள். மத்திய அரசு மிகவும் நலிவுற்றவை என்று வகைப்படுத்திய தமிழ்நாட்டின் ஆறு பழங்குடிகளில் அவர்களுடைய குடியும் ஒன்று. பாம்பு பிடித்துத் தோல் விற்று வாழ்ந்தார்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அந்தப் பிழைப்பு நின்றது. 1978இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சுதான் நாடெங்கும் பாம்புக்கடி மருந்தாகிறது. 2023இல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்னொரு பக்கம், அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்டவர்களில் இவர்கள் நிறையப் பேர். 2021இல் ‘ஜெய் பீம்’ படம் இருளர்களைத் தமிழகமெங்கும் பேச வைத்தது, காவல் நிலையத்தில் வதைபட்டவர்களாக. அந்த வலியைச் சொல்ல வேண்டியிருந்தது. ஆனாலும் நாம் இருளர்களைப் பாம்போடும் அடியோடும் மட்டும்தான் பார்த்திருக்கிறோம், அவர்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் கதையோடு பார்த்ததில்லை. அந்தக் கதை மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் திறந்தவெளியில் நடக்கிறது. அவர்களுடைய கன்னியம்மன் கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விடுகிறாள். அவளைச் சமாதானம் செய்து வீட்டுக்கு அழைத்துவரப் பல மாவட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து, புடவையையும் தார்ப்பாயையும் கட்டிக் கரையில் தங்குகிறார்கள். பௌர்ணமி கழிந்த விடியலில் ஈர மணலில் ஏழு படி கட்டி, பூவும் பழமும் வைத்துக் கும்பிடுகிறார்கள். அந்த நேரத்திலேயே கல்யாணம், பெயர் வைப்பு, காது குத்து எல்லாம் நடக்கின்றன.

இனுயிட் மக்களின் கடலடித் தாயை அறிந்தவர்களுக்கு இங்கே மூச்சு நிற்கும். செட்னா என்றும் நூலியாஜுக் என்றும் ஊருக்கு ஒரு பெயர் அவளுக்கு. மனிதர்களின் தவறுகளால் கோபமடைந்து கடல் விலங்குகளை அவள் பிடித்து வைத்துக்கொள்வாள்; பூசாரி கீழே இறங்கிப் போய் அவளுடைய சிக்குப் பிடித்த தலையைச் சீவி விட்டால்தான் மனம் இளகி விடுவிப்பாள். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது போவாஸ் காலத்துப் பழக்கம். அவரவர் கடல் அவரவருக்கு. ஒற்றுமை வேறு இடத்தில் இருக்கிறது. கோபித்துப் போன தாயைத் தேடி மக்களே போகும் கதை பனிநிலத்தில் எழுத்தாகி, ஓவியமாகி, அந்த மக்களின் சொந்தக் கையால் படமாகிவிட்டது. மாமல்லபுரத்தில் அது ஆண்டுதோறும் செய்தித்தாள் புகைப்படமாக வந்து போகிறது.

இருளர் கதையையும் படமாக்கலாம் என்று சொன்னால், அதற்கு எதிராக எழும் வாதங்களில் சில வலுவானவை. வாய்மொழிக் கதையைப் படமாக்கினால் அதன் ஆயிரம் வடிவங்களில் ஒன்று மட்டும் நிலைத்து மற்றவை செத்துவிடும் என்பது ஒன்று. நியாயமான கவலைதான். ஆனால் லூமாக் படம் வந்த பிறகும் லூமாஜூக் வந்ததே. ஒரு வடிவம் இன்னொன்றைத் தூண்டியது. படமாகாத கதைகள்தான் வேகமாகச் சாகின்றன, சொல்லும் பாட்டியும் கேட்கும் பேரனும் வெவ்வேறு சூளைகளுக்குப் பிரிந்து போகும்போது. பணம் எங்கே என்பது இன்னொன்று. கனடாவுக்கு ஒரு தேசியத் திரைப்பட வாரியம் இருந்தது போல இந்தியாவுக்கு 1948 முதலே திரைப்படப் பிரிவு இருந்தது. டிஸ்னியில் வேலை செய்த கிளேர் வீக்ஸை அழைத்து வந்து 1956 வாக்கில் அனிமேஷன் அணியையும் அது உருவாக்கியது. அங்கே புத்த ஜாதகக் கதையிலிருந்து ‘ஆலமர மான்’ வந்தது. நிறுவனம் இருந்தது, கதை ஏட்டிலிருந்து வந்தது, காட்டுக்குப் போகவில்லை. பின்னாளில் அந்தப் பாதையும் திறந்தது. மத்திய இந்தியப் பழங்குடிகளின் ஐந்து கதைகளைத் தாரா டக்ளஸ் குழுவினர் 2006இல் அவரவர் ஓவிய மரபிலேயே அனிமேஷன் செய்தார்கள். பீல் ஓவியர் ஷேர் சிங்கோடு சேர்ந்து நீனா சப்னானி எடுத்த ‘நாங்கள் படம் வரைகிறோம்’ என்னும் பொருள் கொண்ட இந்திப் படம் 2016ஆம் ஆண்டுக்கான தேசிய விருது பெற்றது. சென்னையிலேயே தாரா புக்ஸ், கோண்டு ஓவியர்களின் ‘மரங்களின் இரவு வாழ்க்கை’ நூலைக் கறுப்புத் தாளில் கையால் திரையச்சு செய்து உலகெங்கும் கொண்டுபோனது. பட்டான்கர் கிராமத்துக் கோண்டுகளின் கதை சென்னைத் தொழிலாளர் கையால் அச்சேறியிருக்கிறது. அதே சென்னையின் ஓரத்து இருளர் கதைக்கு அந்த இடம் இன்னும் கிடைக்கவில்லை.

இருளர்களுக்குக் கோண்டுகளைப் போல ஓவிய மரபு இல்லையே, எதை அசைய வைப்பது என்பதுதான் எல்லாவற்றையும் விடக் கடினமான கேள்வி. இதற்கு விடை கரோலின் லீஃபின் மேசையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவருக்குத் தேவைப்பட்டவை ஒரு கண்ணாடி, அதன் அடியில் விளக்கு, மேலே ஒரு கேமரா, கைப்பிடி மணல். இன்று அந்தக் கேமரா எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. கேப் டோர்செட்டின் இளைஞர்களும் கேமராவுக்குக் கீழே தாள்களை நகர்த்தித்தான் தொடங்கினார்கள். தேவையான சொல்லித்தரும் கைகள் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீடுகளிலிருந்து தினமும் கணினி முன் போய் உட்கார்கின்றன. தேவையான கதை மாசி மகத்துக்கு மாசி மகம் சொல்லப்படுகிறது. மணலில் உருவம் செய்யத் தெரியாது என்று இருளர்களிடம் யாரும் சொல்ல முடியாது. ஏழு படியையும் கையால் அறைந்து கட்டுகிறார்கள். பூசை முடிந்து வெயில் ஏறும்போது அலை வந்து கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாகக் கரைக்கிறது. அடுத்த மாசியில் மறுபடி கட்டுகிறார்கள்.